மாடி ஷீட்டுக்கு அடியில் ஒரு மாணிக்கவாசகம்

கல்யாணமான நாளிலிருந்து ஸ்வர்ணலதா எதற்கும் பயந்து மாணிக்கவாசகம் பார்த்ததில்லை. கரப்பான் பூச்சியில் ஆரம்பித்து அவருடைய கோபம் வரைக்கும் எல்லாவற்றையும் அவள் ஒரே துடைப்பத்தால் சமாளித்துவிடுவாள். அப்பேர்ப்பட்டவளை ஒரு தடவையாவது நடுங்க வைத்தே தீருவது என்று அன்று காலை அவர் சபதம் எடுத்துக்கொண்டார்.

காரணம், மேற்கு மாம்பலம் வீட்டு மொட்டை மாடி அறை. அப்பா காலத்தில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்டுக் கட்டியது. தி.நகர் ஜவுளிக்கடையில் பகலெல்லாம் புடவை பிரித்துப் போட்டுவிட்டு வருகிற மனுஷனுக்கு அங்கே ஒரு சாய்வு நாற்காலி, ஒரு ரேடியோ. தேங்காய் துருவித் தாங்க என்று கீழேயிருந்து கத்தினால் மேலே கேட்காது. உலகத்தில் அவர் ராஜாவாக இருந்த ஒரே இடம் அதுதான். போன மாதம் ஸ்வர்ணலதாவே ஆள் வைத்துக் கூரைக்குப் பெயின்ட் அடித்து, அடியில் சீலிங்கும் போட்டபோது, வெயிலில் புருஷன் வாடக் கூடாதென்ற பாசம் என்று நினைத்து அவர் நெகிழ்ந்தே போனார்.

நேற்றுதான் குண்டைத் தூக்கிப் போட்டாள். அந்த அறையில் ஜாக்கெட்டுக்கு ஆரி எம்பிராய்டரி வேலை சொல்லித்தரும் வகுப்பு தொடங்கப் போகிறாளாம்.

இரவெல்லாம் போனில் ஆஸ்பெஸ்டாஸைப் பற்றித் தேடிப் படித்தார். படிக்கப் படிக்க அவரே பயந்துபோனார். காலையில் காபி டம்ளரை வைத்துவிட்டு ஆரம்பித்தார்.

"அந்த ஷீட்ல என்ன இருக்கு தெரியுமா? கண்ணுக்கே தெரியாத நார். மூச்சோட உள்ள போச்சுன்னா நுரையீரல்ல உக்காந்துக்கும். எத்தனையோ வருஷம் கழிச்சு புத்துநோயில கொண்டு விடும். அந்த ரூம்ல கால் வச்சாலே ஆபத்து."

பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த கை நின்றது. அவள் கண்கள் விரிந்தன. மாணிக்கவாசகத்துக்குப் புல்லரித்தது.

"ஏங்க," என்றாள் மெதுவாக. "நீங்க இத்தனை வருஷமா அதுக்குள்ளதான இருக்கீங்க?"

இதை அவர் யோசிக்கவில்லை.

சாயங்காலம் கடையிலிருந்து வந்தவரை வாசலிலேயே நிறுத்தி, தலையோடு ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினாள். பக்கத்து வீட்டுப் பொன்மணி எட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா, அண்ணனுக்கு என்ன விசேஷம்?"

"அவர் மேல நார் ஒட்டிக்கிட்டிருக்கு பொன்மணி. காஞ்சா பறக்குமாம். ஈரமாவே வச்சிருக்கணும்."

மாடி அறை பூட்டியிருந்தது. சொட்டச் சொட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, மே மாதத்து மாம்பலத்தில் ஃபேனுக்காகக் கை நீட்டினார்.

"ஃபேன் போடாதீங்க, பறக்கும். நாளைக்குத் தேனாம்பேட்டையில டாக்டரைப் பாக்கறோம். நெஞ்சுக்குள்ள குழாய் விட்டுப் பாப்பாங்களாம்."

குழாய் என்றதும் அவர் உடைந்துவிட்டார்.

"ஸ்வர்ணா, நான் கொஞ்சம் கூட்டிச் சொல்லிட்டேன். ஷீட் நல்லா இருந்தா ஒண்ணும் பண்ணாது. உடைச்சா, துளை போட்டா, பிரஷ் வச்சுத் தேய்ச்சாதான் நார் கிளம்பும். சும்மா விட்டா அதுவும் சும்மா கிடக்கும்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. வர்றதெல்லாம் ஊரான் வீட்டுப் பொண்ணுங்க."

"சத்தியமா ஒண்ணும் ஆகாது."

"இன்ஜினியரும் அதையேதான் சொன்னார்."

"எந்த இன்ஜினியர்?"

"வகுப்பு ஆரம்பிக்கலாம்னு தோணுன உடனே கூட்டிட்டு வந்து காட்டினேனே, அவர்தான். எங்கயும் சுரண்டாம, தண்ணி தெளிச்சு விரிசலை அடைச்சு, மேல பெயின்ட் அடிக்கச் சொன்னார். சீலிங்கும் தனிச் சட்டத்துல நிக்குது. ஷீட்ல ஒரு ஆணி படலை."

"அது எனக்காகப் போட்டதில்லையா?"

அவள் குழம்பை அடுப்பில் ஏற்றினாள்.

"டிஷ் மாட்டறேன்னு கூரையில துளை போடப் போனீங்களே, டிரில்லு காணாமப் போச்சே, ஞாபகம் இருக்கா? அரிசி டிரம்ல இருக்கு. எடுத்துக்கங்க. ஷீட் பக்கம் மட்டும் கொண்டு போகாதீங்க."

கோபம் வர வேண்டிய இடத்தில் மாணிக்கவாசகத்துக்குப் பிரமிப்புதான் வந்தது. அவர் ஓர் இரவு படித்துப் பயந்த பூதத்தை இவள் ஒரு மாதம் முன்பே கட்டிப் போட்டுவிட்டு, ஒன்றும் தெரியாத மாதிரி குழம்பு வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். இந்த மூளைக்கு முன்னால் தான் எம்மாத்திரம் என்று நினைத்தபோது, ஈரச் சட்டையிலும் அவருக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

"எல்லாம் தெரிஞ்சுக்கிட்டு என்னை எதுக்கு நனைச்ச?"

"நான் பயப்படணும்னு ஆசைப்பட்டீங்க. பயந்தேன்."

அவர் தலையைத் துவட்டிக்கொண்டார். கடைசியாக ஒரே ஒரு நப்பாசை.

"என் சாய்வு நாற்காலி?"

"கீழ இறக்கியாச்சு. அடுப்படியில போட்டிருக்கேன். சாஞ்சுக்கிட்டே தேங்காய் துருவலாம்."