சொன்ன நேரத்துக்கு முன்னால் வந்த திருடன்

திருடன் கொஞ்சம் முன்னதாகவே வந்துவிட்டான்.

வீப்கே அப்போது பலகைப் பக்கம் திரும்பி, மூளைப் படத்தில் நினைவு பதியும் இடத்தை வட்டமிட்டுக்கொண்டிருந்தாள். பின்னால் தடதடவென்று காலடிச் சத்தம். அவள் திரும்புவதற்குள், மேசைமேல் இருந்த கறுப்புத் தோல் பையோடு ஒரு கோட்டின் முதுகு கதவைத் தாண்டிப் பறந்தது.

வகுப்பே பதறியது. வீப்கேவுக்கோ ஒரே குஷி. பையைத் திருட ஏற்பாடு செய்ததே அவள்தான். கொழுந்தன் ஊவே பேக்கரியில் மாவு பிசைகிறவன். இவ்வளவு தத்ரூபமாக நடிப்பான் என்று அவள் நினைக்கவில்லை.

"பயப்படாதீங்க, இது என் செட்டப்தான்!" என்றாள். "பாத்ததை நம்ம மூளை கேமரா மாதிரி பிடிச்சு வைக்கிறதில்லை. ஒவ்வொரு தடவையும் புதுசாக் கதை கட்டுது. எங்கே, திருடன் எப்படி இருந்தான், சொல்லுங்க!"

"நல்ல உயரம்!"

"குள்ளம் மேடம். தாடி வேற."

"தாடியா? அது மப்ளர்டா!"

முன்வரிசை அனேலி தயங்கியபடி எழுந்தாள். "மன்னிக்கணும்னு சொல்லிட்டுத்தான் எடுத்தாரு மேடம்."

வகுப்பு கொல்லென்று சிரித்தது.

"பாத்தீங்களா!" வீப்கே துள்ளினாள். "எந்தத் திருடனாவது மன்னிப்புக் கேட்டுட்டுத் திருடுவானா? இதுக்குப் பேர்தான் பொய் நினைவு."

அந்த ஊர் வழக்கப்படி, கைதட்டுவதற்குப் பதில் மாணவர்கள் விரல் முட்டியால் மேசைகளைத் தட்டி ஆரவாரம் செய்தார்கள். வீப்கே கடைசி வரிசையை ஏக்கத்தோடு பார்த்தாள். மியூனிக்கிலிருந்து நேற்றுத்தான் லைப்சிக் வந்து பொறுப்பேற்றிருந்த புதுத் துறைத் தலைவர், இன்று வகுப்பைப் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். அவருக்குப் பிடித்துவிட்டால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் கோடையோடு மூட்டை கட்ட வேண்டியதுதான். அவர் முகத்தைக்கூட அவள் இன்னும் பார்த்ததில்லை. இப்படி ஒரு வகுப்பு அமைந்த அன்றைக்குப் பார்த்து மனுஷரைக் காணோமே!

கதவு படாரென்று திறந்தது. முகமூடியும் மாவு அப்பிய சட்டையுமாகப் பாய்ந்து வந்த ஊவே, காலி மேசையைப் பார்த்துத் திகைத்து, முகமூடியைக் கழற்றினான்.

"அண்ணி, பை எங்கே?"

"நீதானேப்பா எடுத்துட்டுப் போனே?"

"நானா? டிராம் லேட் அண்ணி. இப்பத்தானே வர்றேன்!"

பயத்துக்கென்று மூளைக்குள் பாதாம்பருப்பு அளவில் ஓர் இடம் உண்டு என்று போன வாரம்தான் பாடம் நடத்தியிருந்தாள். அது இப்போது அவள் தலைக்குள் பேயாட்டம் ஆடியது. வீட்டுச் சாவி, பர்ஸ், பாதி எழுதிய ஆய்வு, எல்லாம் அந்தப் பையில்!

"ஐயோ, நிஜத் திருடன்!" என்று அலறினாள்.

மேசைகள் இன்னும் பலமாக அதிர்ந்தன.

"நடிப்பில்லை! நிஜமாவே போயிடுச்சு!"

"இது அடுத்த கட்டம்டா," என்று பக்கத்திலிருந்தவனிடம் கிசுகிசுத்தான் ஒரு மாணவன். "அழுதுக்கிட்டே சொன்னா நம்புறோமான்னு பாக்குறாங்க. எழுதிக்கோ."

வீப்கே போனை எடுத்து வாசல் காவலாளி திருமதி கோபிஷைப் பிடித்தாள்.

"கதவைப் பூட்டுங்க! கறுப்புப் பையோட எவன் வந்தாலும் விடாதீங்க. என்ன கதை விட்டாலும் நம்பாதீங்க. துடைப்பம் வைக்கிற அறையில போட்டு அடைங்க!"

கையோடு போலீஸுக்கும் சொன்னாள். ரோந்தில் இருந்த போலீஸ்காரர் ஒருவர் சட்டென்று வந்து சேர்ந்தார்.

"யாரு திருடன்?"

வகுப்பு மொத்தமும் ஊவேயைக் காட்டியது. "இவர்தான்! குள்ளம், தாடி!"

ஆறடி உயரத்தில், மழமழவென்று சவரம் செய்த முகத்தோடு நின்ற ஊவேயின் கையில் விலங்கு ஏறியது.

"உதவி பண்ண வந்தேன் பாருங்க அண்ணி, என்னைச் சொல்லணும்!"

"ஐயா, விடுங்க, அவன் என் கொழுந்தன்! என் பையைத் திருடச் சொன்னதே நான்தான்!"

"ஓஹோ," என்ற போலீஸ்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இடுப்பிலிருந்து இன்னொரு விலங்கை எடுத்தார். "அப்போ நீங்களும் கிளம்புங்க."

"போலீஸ் வேஷம் பிரமாதம்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். "தொப்பி வாடகைக்கா சார்?"

அப்போதுதான் திருமதி கோபிஷ் மூச்சு வாங்க உள்ளே வந்தாள். முகமெல்லாம் பெருமை.

"பிடிச்சு அடைச்சுட்டேன் மேடம்! நீங்க சொன்னபடியே கதைதான் விடறான். அவன்தான் புதுத் துறைத் தலைவராம். காலையில அவன் பையை நீங்க தூக்கிட்டு வந்துட்டீங்களாம். அவசரக் கூட்டத்துக்கு நேரமாச்சுன்னு அதை எடுத்துக்கிட்டு ஓடினானாம். உங்க பை காபி அறை நாற்காலியிலேயே கிடக்காம். நானும் போய்ப் பாத்தேன், கிடக்கத்தான் செய்யுது... இப்ப அந்த ஆளைத் திறந்து விடவா, இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டுமா?"