மாண்புமிகு சாவி

காலை ஐந்தே முக்காலுக்கு எழுகிறேன். பல் துலக்குகிறேன். தண்ணீர் சுடுவதற்குள் அறுபத்திரண்டு வாட்ஸ்அப் குழுக்களுக்கு 'இனிய காலை வணக்கம்' அனுப்புகிறேன். தாமரைப் பூவுக்குப் பக்கத்தில் மாண்புமிகு யோகலட்சுமி கைகூப்பி நிற்கும் படம். வெள்ளிக்கிழமையென்றால் குத்துவிளக்கு. யாராவது இறந்திருந்தால் மெழுகுவத்தி. சட்டையை இஸ்திரி போடுகிறேன். லிஃப்ட் பொத்தானை அழுத்துகிறேன். ஒரு நிமிடம் நிற்கிறேன். பிறகு பதினான்கு மாடியும் நடந்து இறங்குகிறேன்.

இந்த வணக்கம் போகாவிட்டால் பினாங்கில் பொழுது விடியாது என்று சொல்லமாட்டேன். விடியும். யார் விடியவைத்தது என்பதுதான் தெரியாமல் போய்விடும்.

மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்தான். பிறகு சக்கரத்தைக் கண்டுபிடித்தான். அதற்குப் பிறகு சொல்லத்தக்க கண்டுபிடிப்பு ஒன்றே ஒன்று: ஒட்டுப்பலகையில் செய்து தங்க வண்ணம் அடித்த மூன்றடி நீளச் சாவி. அதைத் தந்தவர் எங்கள் சட்டமன்ற உறுப்பினர். எழுதும்போது மாண்புமிகு, கூப்பிடும்போது ஒய்.பி., காரியம் ஆகவேண்டுமென்றால் அக்கா.

அவருடைய 'பத்தாண்டுச் சேவை மலரு'க்கு முதல் கட்டுரை எழுதும் பேறு எனக்குக் கிடைத்திருக்கிறது. நான் அவருடைய சிறப்பு அதிகாரி. படம் எடுப்பது, படத்துக்குக் கீழே இரண்டு வரி எழுதுவது, உரை எழுதுவது என் பணி. மலர்க்குழு உண்மையை மட்டும் எழுதும்படி கேட்டுக்கொண்டது. இந்த வேலையில் அப்படி யாரும் என்னிடம் கேட்டதில்லை. முயல்கிறேன்.

ஒய்.பி. இந்த மண்ணில் பிறந்தவர் அல்லர். அது அவருடைய குறையன்று, மண்ணின் குறை. யாழ்ப்பாணத்திலிருந்து 1994இல் மணப்பெண்ணாக வந்தார். கணவர் துறைமுகத்தில் குமாஸ்தா. விசாவைப் புதுப்பிக்க ஆண்டுதோறும் வரிசையில் நின்றார். பிறகு நிரந்தரவாசியின் சிவப்பு அட்டைக்கு நின்றார். பிறகு குடிமகளின் நீல அட்டைக்கு நின்றார். மொத்தம் பதினொரு ஆண்டுகள். அத்தனை காலம் வரிசையில் நின்றவருக்கு இரண்டே வழிகள்: பைத்தியமாவது, வழிகாட்டியாவது.

அவர் வழிகாட்டியானார். எந்த அலுவலக முகப்பில் இருப்பவர் காலையில் கடுகடுப்பார், எந்த அதிகாரி பசியாறிவிட்டு வந்தால் புன்னகைப்பார், எந்தப் பக்கத்தில் கறுப்பு மையால்தான் எழுத வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். படிவத்துக்கு இங்கே 'போராங்' என்று பெயர். கடல்கடந்து மணமாகி வந்த பெண்கள் அவரைப் 'போராங் அக்கா' என்றார்கள். என் மாமியாருக்கும் அவர்தான் எழுதிக்கொடுத்தார். ஒரு காசு வாங்கவில்லை. சமையலறை மேசையில் உட்காரவைத்துத் தேநீர் கொடுத்து அனுப்பினார்.

அந்தக் காலத்துப் படம் ஒன்றுகூட இல்லை. எனவே மலர்க்குழு அதை 'இருண்ட காலம்' என்று வகைப்படுத்தியிருக்கிறது.

கட்சி அவரைக் கண்டெடுத்தபோது முதலில் கேட்ட கேள்வி, இதுவரை எத்தனை பேருக்கு உதவியிருக்கிறீர்கள் என்பது.

"எண்ணிப் பாக்கேல்லை" என்றார் அக்கா.

"ஆதாரம் இருக்கா?"

"அவையள் அட்டை கிடைச்ச உடன வீட்ட போயிட்டினம்."

கட்சி அவரை மன்னித்தது. படம் இல்லாத சேவை நடக்காத சேவை என்று அன்போடு எடுத்துச்சொன்னது. அக்கா வேகமாகக் கற்பவர்.

அடுத்த ஆண்டே ஒரு சிக்கல் எழுந்தது. ஏழைகளுக்கு வீட்டுச் சாவி கொடுக்கும்போது, சாவி சுண்டுவிரல் அளவே இருந்ததால் பத்திரிகைப் படத்தில் தெரியவில்லை. ஒய்.பி. ஏழைக்குக் கை கொடுப்பது போல மட்டும் தெரிந்தது. மாக் மண்டினில் விளம்பரப் பலகை செய்யும் முனுசாமியை வரவழைத்தார்.

"எந்தப் பூட்டுக்குக்கா?" என்றார் முனுசாமி, அளவுநாடாவை எடுத்தபடி.

"பூட்டு இல்லை. படத்துக்கு."

"அப்ப பல்லு வேணுமா?"

"ரெண்டு வையுங்கோ. சாவியெண்டு விளங்கவேணும்."

அப்படிப் பிறந்தது அந்தச் சாவி. பெறுகிறவர் மேடையேறி வாங்குவார். படம் எடுப்போம். இறங்கும்போது வாங்கி வைத்துக்கொள்வோம். வீடு பிறகு வரும். சிலருக்கு வந்தும் இருக்கிறது.

இந்த இடத்தில் ஷர்மினி வருகிறாள். எங்கள் சேவை மையத்தின் வரவேற்பு மேசையில் இருந்தவள். என் மனைவி.

ஒரு சனிக்கிழமை, சுங்கை பினாங் சமூக மண்டபத்தில் சாவி வழங்கும் விழா. பெறவேண்டியவர் சின்னையா, துறைமுகத்தில் மூட்டை தூக்கி முழங்கால் தேய்ந்தவர். எங்கள் அடுக்குமாடியில் பதினொன்றாம் மாடி. கீழ்த்தள வீடு கேட்டிருந்தார். மணி பத்தரை ஆகியும் ஆளைக் காணோம். தொலைபேசியில் அழைத்தேன்.

"லிஃப்டு ரோசாக் தம்பி. அப்படியே நிக்கிது. நான் எப்படி எறங்கி வர்றது?"

"மெதுவா நடந்து வாங்க அண்ணே. கீழ் வீட்டுச் சாவி காத்திருக்கு."

"நடந்து எறங்க முடிஞ்சா எனக்கு எதுக்குலா கீழ் வீடு?"

இந்த வாதத்துக்கு எங்களிடம் போராங் இல்லை. பத்திரிகை நிருபர் கடிகாரத்தைப் பார்த்தார். ஒய்.பி. சுற்றிலும் பார்த்தார்.

"ஷர்மினி பிள்ளை, நீங்கள் ஒருக்கா ஏறி நில்லுங்கோ."

"நானா? எனக்கு வீடு இருக்கேக்கா."

"படத்துக்குத்தானே."

ஏறினாள். சாவியை இரண்டு கையாலும் வாங்கினாள். "சாவியே இவ்ளோ பெருசுன்னா, வீட்டுல ஹாலுக்குப் போக பஸ் புடிக்கணும் போல இருக்குலா" என்றாள்.

"சிரியாதேங்கோ பிள்ளை. கொஞ்சம் அழுங்கோ."

அதைக் கேட்டு இன்னும் சிரித்தாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். அந்த நொடியில் எடுத்தேன். நான் எடுத்தவற்றில் அதுதான் சிறந்த படம்.

"படம் புடிச்சாச்சா, கோகி? எறங்கலாமா?"

"ஆச்சு, எறங்கு."

மேடைக்கு ஐந்து படி. ஒரே தாவலில் இறங்கினாள்.

படத்துக்குக் கீழே சின்னையா என்று எழுத மனச்சாட்சி இடம் கொடுக்கவில்லை. மீசையும் இல்லை. எனவே எழுதினேன்: 'சுங்கை பினாங் திருமதி ஷர்மினி கோகிலன், வீட்டுச் சாவியை ஆனந்தக் கண்ணீருடன் பெற்றுக்கொள்கிறார்.' ஒவ்வொரு சொல்லும் உண்மை. மறுநாள் பத்திரிகையில் வந்தது. வீடு ஒதுக்கும் அலுவலகத்தில் யாரோ கடமை தவறாத ஒருவர் அதைக் கத்தரித்துக் கோப்பில் சேர்த்தார். சின்னையா இன்றும் பதினொன்றாம் மாடியில் இருக்கிறார்.

இரண்டு ஆண்டுகள் போயின. ஷர்மினிக்கு முதுகுத்தண்டில் கட்டி என்றார்கள். முதலில் வலக்கால் மரத்தது. பிறகு இடக்கால். வாரம் இரண்டு முறை மருத்துவமனை. லிஃப்டைப் பற்றிச் சின்னையா ஏற்கெனவே சொல்லிவிட்டார். முதுகில் சுமந்து இறக்கினேன். சுமந்து ஏற்றினேன். எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் மூன்றாம் எண் வீடு பூட்டிக் கிடந்தது. மாற்றிக்கொடுக்கும்படி விண்ணப்பித்தேன்.

அலுவலகத்தில் நூர் ஃபாத்திஹா என்ற அதிகாரி கோப்பைத் திறந்தார். நல்ல பெண். நாற்காலி கொடுத்தார்.

"சூடா டாபாட்" என்றார் மலாயில். ஏற்கெனவே கிடைத்துவிட்டதாம். பத்திரிகைத் துண்டை என் பக்கம் திருப்பினார். "உங்க மனைவிதானே? சந்தோஷத்துல அழுதிருக்காங்க."

"அது சிரிப்பு."

"கோப்புல அழுகைன்னு இருக்கு."

"சரி, கிடைச்ச வீடு எங்க இருக்கு?"

"அதை நாங்கதான் உங்ககிட்ட கேக்கணும்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒய்.பி.கிட்டேருந்து ஒரு கடிதம் வாங்கிட்டு வாங்க. படத்துல இருக்கிறவங்க வேற ஒருத்தருக்குப் பதிலா நின்னாங்கன்னு. ஒரே வரி போதும். அடுத்த நாளே மூணாம் நம்பர் உங்களுக்கு."

ஒரே வரி. நான் நாளொன்றுக்கு ஐம்பது வரி எழுதிக்கொடுப்பவன்.

ஒய்.பி. பத்திரிகைத் துண்டை வெகுநேரம் பார்த்தார். தேர்தலுக்கு ஐந்து வாரம் இருந்தது.

"தம்பி, இந்தப் படத்துக்கு எழுதினா மற்றப் படங்களையும் கேப்பினம்."

"ஷர்மினியால எறங்க முடியலைக்கா."

அவர் கண் கலங்கியது. உண்மையாகவே கலங்கியது. நான் படம் எடுக்கவில்லை, பணியில் குறை. பிறகு முகம் தெளிந்தது. பழைய போராங் அக்கா எட்டிப்பார்த்தார். பேனாவை எடுத்தார்.

"யோசியாதேங்கோ. வழி இருக்கு. கிடைச்ச வீட்டைத் திருப்பிக் குடுக்கிறதுக்கு ஒரு போராங் இருக்கு. அதை நிரப்பினா, பிறகு புதுசாக் கேக்கலாம்."

"வீடே கிடைக்கலையேக்கா."

"அதாலதான் திருப்பிக் குடுக்கிறது லேசு."

அந்தப் போராங்கின் ஒன்பதாம் கேள்வி: சாவி ஒப்படைக்கப்பட்டதா? ஒய்.பி. ஒருகணம் யோசித்தார். அந்த யோசனைதான் தலைவர்களையும் நம்மையும் பிரிக்கிறது.

மறுநாள் சாவி பதினான்காம் மாடிக்கு வந்தது. ஒய்.பி. வருகிறார் என்றதும் லிஃப்ட் ஓடியது. இயந்திரங்களுக்கும் மரியாதை தெரியும். பதாகை வந்தது. நிருபர் வந்தார். கட்டிலில் சாய்ந்திருந்த ஷர்மினியின் மடியில் சாவியை வைத்தார்கள். அவள் அதைத் தடவிப்பார்த்தாள்.

"அக்கா, போன தடவை இதுல ரெண்டு பல்லு இருந்துச்சே?"

"ஒண்டு உடைஞ்சு போச்சு பிள்ளை. எத்தினை வீடு திறந்தது!"

ஷர்மினி சிரித்தாள். நான் எடுத்தேன். ஒய்.பி. சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். கீழே எழுதினேன்: 'தனக்குக் கிடைத்த வீட்டைச் சமுதாயத்துக்கே திருப்பித் தந்த இளம்பெண்ணின் தியாகம்.' ஆறு பத்தி, வண்ணப் படம். தேர்தலில் ஒய்.பி. முன்னிலும் பெரிய பெரும்பான்மையில் வென்றார். எங்கள் விண்ணப்பம் 'கவனத்தில்' இருந்து 'செயலாக்க'த்துக்கு முன்னேறியது.

வெற்றிக்குப் பதினேழாம் நாள், காலை ஏழு மணிக்கு ஷர்மினிக்கு மூச்சு வாங்கியது. ஆம்புலன்ஸ் கீழே வந்து நின்றது. ஒய்.பி. வரவில்லையென்று லிஃப்டுக்குத் தெரிந்திருக்கிறது, அது வரவில்லை. பக்கத்து வீட்டு இல்ஹாமும் அவர் தம்பியும் பிளாஸ்டிக் நாற்காலியோடு ஓடிவந்தார்கள். அவளை உட்காரவைத்து மூவருமாகத் தூக்கினோம். ஏழாம் மாடித் திருப்பத்தில் மூச்சுவிட நின்றோம். அங்கே அவள் ஒன்று சொன்னாள். நான்காம் மாடிக்குப் பிறகு நாங்கள் அவசரப்பட வேண்டியிருக்கவில்லை.

அவளுடைய பதினாறாம் நாள் காரியத்துக்கு ஒய்.பி. வந்து உரையாற்றினார். "'அக்கா, எனக்கு வேண்டாம், ஏழைகளுக்குக் கொடுங்கள்.' இதுவே எங்கள் ஷர்மினி கடைசியாகச் சொன்ன வார்த்தை" என்றார். துக்க வீடு என்பதை மறந்து கை தட்டினார்கள். அந்த வரியை எழுதியவன் நான். கேட்டார்கள், எழுதினேன். அந்த வாரம் எதைக் கேட்டிருந்தாலும் எழுதியிருப்பேன்.

இப்போது நல்ல செய்தி. மூன்றாம் எண் வீடு ஷர்மினிக்கு ஒதுக்கப்பட்டுவிட்டது. அவள் வர இயலாத காரணத்தால் வாரிசு என்ற முறையில் எனக்கு. வரும் ஞாயிற்றுக்கிழமை மலர் வெளியீட்டு மேடையில் ஒய்.பி. சாவி வழங்குவார். முனுசாமி புதுப் பல் பொருத்தி, மறுபடி தங்க வண்ணம் அடித்திருக்கிறார்.

"வாங்கின கையோட ரெண்டு வார்த்தை பேசுங்கோ தம்பி" என்றார் ஒய்.பி. "பிள்ளை கடைசியாச் சொன்னதை உங்கட வாயால சொன்னா சனம் உருகும்."

சொல்கிறேன் அக்கா என்றேன். மலர்க்குழுவும் உண்மையைத்தான் கேட்டிருக்கிறது. எனவே மேடையில் சொல்லப்போவதை முன்கூட்டியே இங்கே பதிவுசெய்கிறேன்.

ஏழாம் மாடித் திருப்பம். நாற்காலியை இறக்கி வைத்திருந்தோம். ஆம்புலன்ஸ்காரரிடம் பேச நான் தொலைபேசியை எடுத்துப் பிடித்திருந்தேன். ஷர்மினி கண்ணைத் திறந்தாள். தொலைபேசியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"படம் புடிச்சாச்சா, கோகி? எறங்கலாமா?"