நாலாம் மேசையில் ஆள் இல்லை

வெள்ளிக்கிழமை சாயங்காலம் குறைதீர் அலுவலகத்தின் பன்னிரண்டு கம்ப்யூட்டர்களையும் மேம்படுத்தினார்கள். திங்கட்கிழமை காலை பார்த்தால் அலுவலகத்தில் ஒரு ஆள்கூட இல்லை.

பன்னிரண்டு பேரும் வந்திருந்தார்கள் என்பது வேறு விஷயம். சாப்பாட்டு டப்பாவை இழுப்பறையில் வைத்துவிட்டு, அவரவர் நாற்காலியில் உட்கார்ந்து, அவரவர் கொட்டாவியை விட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனாலும் இல்லை.

அந்த அலுவலகத்தில் வந்ததும் ஒவ்வொருவரும் மேசைமேல் இருக்கும் சின்னப் பெட்டியில் வலது ஆள்காட்டி விரலை அழுத்த வேண்டும். கம்ப்யூட்டர் அந்த ரேகையை வாங்கி, வயர்லெஸ் வழியாகத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பும். அங்கே 'வந்தார்' என்று பதிவாகும். மேம்பட்ட கம்ப்யூட்டரும் விரலை வாங்கிக்கொள்ளத்தான் செய்தது. 'நன்றி, இந்த நாள் இனிய நாளாகட்டும்' என்றுகூடச் சொன்னது. பழையதற்கு அந்த மரியாதையெல்லாம் தெரியாது. என்ன, அனுப்பவில்லை. திரையின் மூலையில் விசிறி மாதிரி இருக்கும் வயர்லெஸ் சின்னத்தின் மேல் ஒரு பெருக்கல் குறி விழுந்திருந்தது. விசிறியில் பெருக்கல் விழுந்தால் நாற்காலியில் மனிதர் இல்லை. விதி அப்படி.

பழைய சிஸ்டத்துக்கு என்ன கேடு என்று யாராவது கேட்கலாம். ஆறு வருஷம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது என்பதுதான் அதன்மேல் இருந்த ஒரே குற்றச்சாட்டு. சுற்றுப்பட்ட அலுவலகங்களெல்லாம் மேம்பட்டுவிட்ட பிறகு நாம் மட்டும் வேலை செய்துகொண்டிருப்பது அழகல்ல என்று மேலிடம் கருதியது.

முதல் இரண்டு நாள் எல்லோரும் சிரித்தார்கள். நாலாம் மேசைக்காரி மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்கு நிரந்தர வேலை ஆக இன்னும் இரண்டு மாதம் இருந்தது. அப்படிப்பட்டவர் தொடர்ந்து பதினாலு நாள் வராவிட்டால் கேள்வி முறையில்லாமல் நீக்கலாம் என்று ஒரு விதி. வீட்டில் எட்டு மாதக் கைக்குழந்தை. புருஷனுக்கு வேலை போய் மூன்று மாதம். பெரியவர்கள் வயிறு இரண்டும் பால் டப்பா ஒன்றும் அந்த ஒற்றை நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தன.

மூன்றாம் நாள் கணினிப் பிரிவுக்குப் போன் போட்டாள்.

"சார், எங்க ஆபீஸ்ல வயர்லெஸ் வரலை."

"எங்கேருந்து பேசறீங்க மேடம்?"

"ஆபீஸ்லேருந்துதான்."

"எந்த மேசை?"

"நாலாம் மேசை."

விசைகளைத் தட்டும் சத்தம் கேட்டது. "நாலாம் மேசையில ஆள் இல்லையே மேடம்."

"நான்தான் சார் நாலாம் மேசை. நான்தானே பேசறேன்!"

"பேசறீங்க, ஒத்துக்கறேன். ஆனா ஆபீஸுக்கு வராதவங்க புகாரை நாங்க எடுத்துக்கக் கூடாது. ஒரு நாள் வந்துட்டு, வந்ததும் போன் பண்ணுங்க. உடனே சரி பண்ணிடறோம்."

அவர் குரலில் கேலி இல்லை. உண்மையாகவே உதவ விரும்பினார். அவள் நன்றி சொல்லிப் போனை வைத்தாள்.

எட்டாம் நாள் கண்காணிப்பாளர் கூப்பிட்டார். நல்ல மனிதர். நல்ல மனிதர் என்றால், கெட்டது செய்யும்போது வருத்தப்படுகிறவர். அவர் விரல் வைக்க வேண்டியதில்லை. அதிகாரிகள் இருக்கிறார்களா இல்லையா என்று யாரும் சோதிப்பதில்லை. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை.

"ஏம்மா, எட்டு நாளா ஆபீஸுக்கு வரலையே, ஏன்?" என்றார்.

"சார்! உங்க முன்னாடிதானே நிக்கிறேன்."

"தெரியுதும்மா. எனக்கென்ன கண்ணு இல்லையா? நீ வந்திருக்கேன்னு நான் முழுசா நம்பறேன். ஆனா என் நம்பிக்கையை ஃபைல்ல எங்கே ஒட்டறது?" ஒரு காகிதத்தை நீட்டினார். 'தாங்கள் முன்னறிவிப்பின்றிப் பணிக்கு வாராதிருத்தலின் காரணத்தை இக்கடிதம் கண்ட ஏழு நாட்களுக்குள் தெரிவிக்கவும்.' "இதை நாலாம் மேசையில குடுத்து, உன் வீட்டு விலாசத்துக்குப் பதிவுத் தபால்ல அனுப்பச் சொல்லு."

"நாலாம் மேசை நான்தான் சார்."

"அட, ஆமா. அங்கேதான் ஆள் இல்லையே." கொஞ்சம் யோசித்தார். "சரி, நீயே அனுப்பிடு."

அவளே உறையில் போட்டு, அவளே ஒட்டி, அவளே அனுப்பினாள். மறுநாள் தபால்காரர் வீட்டுக்கு வந்தபோது அவள் அலுவலகத்தில் இருந்தாள். அதனால் கடிதம் 'ஆள் இல்லை' என்று திரும்பி வந்தது. வீட்டிலும் இல்லை, அலுவலகத்திலும் இல்லை என்று அவள் ஃபைலில் ஏறியது.

பத்தாம் நாள் வாசலில் வாட்ச்மேன் மறித்தார்.

"யாரைப் பார்க்கணும்?"

"என்ன அண்ணே, நான்தான்."

"நீதான்னு தெரியாதா எனக்கு? பிள்ளைக்குப் பல்லு முளைச்சிருச்சுன்னு முந்தாநாள்தானே சொன்னே. ஆனா புது உத்தரவு. வந்தவங்க லிஸ்ட்ல பேர் இல்லாதவங்க எல்லாரும் விசிட்டர். யாரைப் பார்க்கணும்னு சொல்லு, பாஸ் போடறேன்."

"நாலாம் மேசையை."

"அவங்க பத்து நாளா வரலையேம்மா."

"வரட்டும். காத்திருக்கேன்."

"உன் பொறுமை யாருக்கு வரும்!" என்று மெச்சிக்கொண்டே அட்டையை அவள் கழுத்தில் மாட்டினார்.

விசிட்டர்கள் மேசைக்குப் பின்னால் உட்காரக் கூடாது. ஆகவே பன்னிரண்டு பேரும் தங்கள் தங்கள் மேசைக்கு முன்னால், பொதுமக்கள் உட்காரும் பக்கத்தில் உட்கார்ந்து, தங்கள் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் மட்டும் திரையைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு வேலை பார்த்தாள். தண்ணீர்க் குழாய் உடைந்ததாகப் புகார் கொடுக்க வந்த ஒருவர் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இந்த மேடம் எப்பங்க வருவாங்க?"

"பத்து நாளா வரலைங்க."

"ஏனாம்?"

"அவங்களையும் அதைத்தான் கேட்டிருக்காங்க."

"வேலைக்கு வராம சம்பளம் வாங்கறாங்க பாருங்க! இதுங்களையெல்லாம் முதல்ல தூக்கணும்."

அவள் தலையாட்டினாள். வேறு என்ன செய்வது?

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார் மூன்றாம் மேசை அண்ணன். இருபது வருஷம் சர்வீஸ் போட்டவர். வேலையைத் தவிர அந்த அலுவலகத்தில் அவருக்குத் தெரியாதது இல்லை.

"இங்கே பாரும்மா, நீ இப்ப விசிட்டர். விசிட்டர் எழுதிக் குடுக்கிற புகாருக்கு மூணு நாள்ல நடவடிக்கை எடுத்தே ஆகணும். நாம குடுத்தாத்தான் குப்பைத்தொட்டி. வயர்லெஸ் வரலைன்னு ஒரு புகார் எழுதிப் போடு."

மூழ்குகிறவளுக்கு வைக்கோலும் தோணிதான். புகார்ப் படிவத்தை எடுத்தாள். அதில் நாலே நாலு கட்டங்கள். ஊழியர் மரியாதைக் குறைவு. ஊழியர் இருக்கையில் இல்லை. குடிநீர் இல்லை. கழிப்பறை சுத்தமில்லை. ஒன்றில் கட்டாயம் குறியிட வேண்டும். வயர்லெஸ்ஸுக்குக் கட்டம் இல்லை. குடிநீரா, கழிப்பறையா என்று யோசித்துப் பார்த்தாள். கொஞ்சமாவது பொருந்துவது இரண்டாவதுதான். அதில் குறியிட்டு, கீழே முத்து முத்தான கையெழுத்தில் முழு விவரமும் எழுதினாள். வயர்லெஸ், விசிறி, பெருக்கல் குறி, பதினாலு நாள் விதி, கைக்குழந்தை, எல்லாம்.

கீழே எழுதுவதை யாரும் படிப்பதில்லை என்பது அந்த அலுவலகத்தில் இரண்டு வருஷம் இருந்த அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவளும் படித்ததில்லை.

பதின்மூன்றாம் நாள் அவளுக்கு இரண்டு கடிதம் வந்தது. முதலாவது, பொறுப்புள்ள குடிமகளுக்கு நன்றி தெரிவித்தது. 'தாங்கள் சுட்டிக்காட்டியவாறு நாலாம் மேசை ஊழியர் இருக்கையில் இல்லை என்பது விசாரணையில் ஐயந்திரிபற நிரூபணமானது. தங்கள் குறை தீர்க்கப்பட்டது.' தீர்த்த விதத்தை இரண்டாவது கடிதம் சொன்னது. நாலாம் மேசை ஊழியர் பணியிலிருந்து நீக்கப்பட்டார். பொதுமக்களின் புகாரை முன்னிட்டு, விதிப்படி காத்திருக்க வேண்டிய பதினாலு நாளுக்கு ஒரு நாள் முன்னதாகவே.

கண்காணிப்பாளரின் மேசையைப் பிடித்துக்கொண்டு அவள் அழுதாள். அவரும் மிகவும் வருத்தப்பட்டார்.

"அழாதேம்மா. ஒரு வழி இருக்கு. நாலாம் மேசை இப்ப காலி. அவசரத்துக்கு ஒரு தினக்கூலி ஆளைப் போட எனக்கு அதிகாரம் இருக்கு. உன்னை மாதிரி தினமும் தவறாம வந்துபோற விசிட்டர் வேற யாரு கிடைப்பாங்க? வேலையும் தெரியும். கூலி பாதிதான். ஆனா ஒண்ணு, தினக்கூலிக்கு விரல் கிடையாது. நோட்டுல பேனாவால கையெழுத்து."

கையெழுத்துப் போட்டாள். அந்த விநாடியே அவள் இருந்தாள்! அலுவலகத்திலேயே அவள் ஒருத்திதான் இருந்தாள். மேசைக்குப் பின்னால் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். அதில் தூசி படிந்திருந்தது. 'நாலாம் மேசையில் நூறு சதவீத வருகை' என்று தலைமை அலுவலகத்துக்கு அறிக்கை போனது.

ஒரு வாரம் கழித்து, திரையைத் துடைக்கும்போது அவள் கை பட்டு ஓரத்தில் ஏதோ திறந்தது. வரிசையாகச் சின்னச் சின்னப் படங்கள். ஒன்றில் விமானம். அது மட்டும் எரிந்துகொண்டிருந்தது. விமானத்தில் போகும்போது வயர்லெஸ்ஸை அணைத்து வைக்கும் பொத்தான் அது. மேம்படுத்தினவர்கள் அதை அழுத்திவிட்டுப் போயிருக்கிறார்கள். மூன்று வாரமாக அந்தக் கம்ப்யூட்டர், தான் ஆகாயத்தில் பறந்துகொண்டிருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தது.

விமானத்தைத் தொட்டாள். படம் அணைந்தது. விசிறியின் பெருக்கல் குறி மறைந்தது. 'நிலுவையில் உள்ள பதின்மூன்று வருகைகள் அனுப்பப்படுகின்றன' என்றது திரை.

அவள் நெஞ்சு குளிர்ந்தது. அடுத்த நொடியே கணக்குப் போட்டுப் பார்த்தாள். அந்தப் பதின்மூன்றும் போய்ச் சேர்ந்தால், நீக்கப்பட்டவள் வந்திருந்தாள் என்று ஆகும். அப்படியானால் நீக்கியது தப்பு. நீக்கியது தப்பென்றால் மேசை காலியாகவே இல்லை. காலியில்லாத மேசைக்குத் தினக்கூலி எதற்கு? இன்றோடு வீட்டுக்கு. சரி, நீக்கப்பட்டவளைத் திரும்பச் சேர்க்க வேண்டும் அல்லவா? அதற்கு ஒரு குழு கூட வேண்டும். குழு உறுப்பினர்கள் இந்த அலுவலகத்து ஆட்கள், அத்தனை பேரும் இல்லாதவர்கள்.

பாதிக் கூலி என்றாலும் பால் டப்பாவுக்கு ஆகிறது. விமானத்தை மறுபடி ஏற்றினாள். பெருக்கல் குறி வந்து உட்கார்ந்தது, பதின்மூன்றும் போகாமல் நின்றன.

"வயர்லெஸ்ஸை அணைச்சிட்டியா? நல்லது" என்றார் மூன்றாம் மேசை அண்ணன்.

அவள் திடுக்கிட்டாள். "உங்களுக்கு இது தெரியுமா அண்ணே?"

"ரெண்டாம் நாளே தெரியும். இங்கே எல்லாருக்கும் தெரியும். வராதவன் வேலை செய்யணும்னு எந்த விதியும் இல்லைம்மா. விசாரணை முடியற வரைக்கும் நிரந்தர ஊழியர் சம்பளத்தை நிறுத்தக் கூடாதுன்னு விதி இருக்கு. இப்படி ஒரு நிம்மதியை இருபது வருஷத்துல நான் பார்த்ததில்லை."

"எனக்கு மெமோ வந்தப்பவாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா உன்னோடதை ஆன் பண்ணிடுவே. உன்னோடது ஆன் ஆனா, எங்களோடது ஏன் ஆகலைன்னு கேப்பாங்கல்ல?" என்றார், குழந்தைக்குச் சொல்வதுபோல.

மறுநாள் கண்காணிப்பாளர் ஒரு சுற்றறிக்கையோடு அறையை விட்டு வெளியே வந்தார். அவர் வெளியே வருவதே வருஷத்துக்கு ஒருமுறை. தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார்.

"'நாலாம் மேசையின் மகத்தான வெற்றியைக் கருத்திற்கொண்டு, எஞ்சிய பதினோரு மேசைகளிலும் நீண்ட நாட்களாக வாராதிருக்கும் ஊழியர்களை, நிரந்தர ஊழியர் என்றும் பாராது இன்று மாலையுடன் நீக்கி, அவ்விடங்களில் நாள்தோறும் தவறாது வந்துபோகும் விசிட்டர்களைத் தினக்கூலிக்கு நியமிக்குமாறு உத்தரவிடப்படுகிறது.'"

பதினோரு விசிட்டர்களும் நாற்காலியை உதைத்துத் தள்ளிவிட்டு மேசையைச் சுற்றி ஓடினார்கள். பதினோரு விமானங்கள் ஒரே நேரத்தில் தரையிறங்கின. வயர்லெஸ் வந்தது. வந்த வேகத்தில், அன்று காலைதான் வெளியான அடுத்த மேம்படுத்தலையும் கூட்டிக்கொண்டு வந்தது. பதினோரு திரைகளும் நீலமாயின. 'தங்களுக்காகப் புதிய வசதிகள் தயாராகின்றன. அணைக்க வேண்டாம். இரண்டு சதவீதம்.'

மூன்றாம் மேசை அண்ணன் திரையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "சீக்கிரம் தாயே, சீக்கிரம்" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். மணி நாலரை.

கண்காணிப்பாளர் அவள் பக்கம் திரும்பிச் சிரித்தார். "உனக்கும் ஒரு நல்ல சேதிம்மா. நூறு சதவீத வருகையை நோட்டுல வச்சு என்ன பிரயோஜனம்னு மேலிடத்துல கேட்டாங்க. திங்கட்கிழமையிலேருந்து தினக்கூலிக்கும் விரல்தான்."

அவள் வலது ஆள்காட்டி விரலை நீட்டிக் காட்டினாள். "சார், என் விரல்... அது நீக்கப்பட்டவங்க விரலாச்சே."

"ஆமா, அதை வைக்கக் கூடாது. வேற விரல் வை. ஒண்ணுதானேம்மா போயிருக்கு? இன்னும் ஒன்பது இருக்கே!"

அவள் கைகளை மடியில் விரித்துப் பார்த்தாள். விமானத்தை இறக்கினால் பழைய பதின்மூன்றும் போய்ச் சேர்ந்துவிடும், இறக்காவிட்டால் புது விரலும் வராத விரலாகிவிடும். ஒரு விரலுக்கு மூன்று வாரம். ஒன்பது விரலுக்கு இருபத்தேழு வாரம். அதற்குள் பிள்ளை நடக்கத் தொடங்கிவிடும்.

அதற்குப் பிறகும் பயமில்லை. பிள்ளைக்கும் பத்து விரல் இருந்தது. பிறந்த அன்றே எண்ணிப் பார்த்திருந்தாள்.