கமாண்டரின் குரல் ஏன் நடுங்கியது?

"சார், கமாண்டர் அந்த இன்ஜினியர் பொண்ணைக் காதலிக்கிறாரா இல்லையா? நீங்களே சொல்லிடுங்க!"

கேட்டவர் உட்காரவில்லை. ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வந்திருந்த ரசிகர்களில் பாதிப் பேர் அவரோடு எழுந்து நின்றார்கள்.

குரல் கலைஞர் பெருமையாகத் தொண்டையைச் செருமிக்கொண்டார். அந்த விண்வெளித் தொடரின் கமாண்டருக்குத் தமிழில் பேசுகிறவர் அவர்தான். நாற்பதைத் தாண்டியும் தனிக்கட்டை. பால் பாக்கெட் வாங்கப் போனாலும் கமாண்டர் குரலில்தான் கேட்பார்.

தகராறு ஒரே ஒரு காட்சியைப் பற்றி. பழுதான கப்பலைச் சரிசெய்ய இன்ஜினியர் தனியாக வெளியே கிளம்புகிறாள். முகம் தெரியாத ஹெல்மெட்டுக்குள்ளிருந்து கமாண்டர், "பாத்துப் போயிட்டு வா" என்கிறார். அந்த 'வா' லேசாக நடுங்கும். அது காதலா, நட்பா என்று ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து கிடந்தார்கள்.

"அந்த நடுக்கத்துக்கு ஒரு வாரம் பயிற்சி எடுத்தேன். காதலேதான்!" என்றார் கலைஞர்.

கண்ணாடி போட்ட டீச்சர் ஒருவர் பாய்ந்தார். "ஆணும் பொண்ணும் சேர்ந்து ஒரு போல்ட்டை முடுக்கினா உடனே காதலா? அவ கெட்டிக்காரி சார். அதுக்குத்தான் அவர் மரியாதை கொடுக்கிறார்!"

கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது. கலைஞர் உஷாரானார்.

"நானும் அதைத்தான் சொல்ல வந்தேன். நட்புதான்."

முன்வரிசைப் பெண் கண் கலங்கிவிட்டாள். "அந்தக் காட்சியைப் பார்த்துட்டுத்தான் நான் இவரைக் கட்டிக்கவே சம்மதிச்சேன்!"

பக்கத்திலிருந்த கணவன் கையெடுத்துக் கும்பிட்டான். "சார், நான் இவகூடத்தான் வீட்டுக்குப் போகணும். கொஞ்சம் யோசிச்சுப் பேசுங்க."

இனி வாய்ப்பேச்சு உதவாது என்று கலைஞர் மைக்கைப் பிடித்தார். "பேசியே காட்டுறேன். கேட்டுட்டு நீங்களே முடிவு பண்ணுங்க."

பேசினார். ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி இருந்தது. மறுபடி பேசினார். குளிர்காய்ச்சல் வந்தவன் மாதிரி இருந்தது. மூன்றாவது முறை இருமல்தான் வந்தது.

இரண்டு கட்சிகளும் முதல் தடவையாக ஒன்று சேர்ந்தன. "அது இவர் குரலே இல்ல!"

கலைஞருக்கு முகம் சிவந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் யாரும் அவர் குரலைச் சந்தேகப்பட்டதில்லை. பக்கத்து நாற்காலியில், இன்ஜினியருக்குக் குரல் கொடுக்கும் பெண் இருந்தார். அவரிடம் திரும்பினார்.

"நீங்களாவது சொல்லுங்க மேடம், அன்னைக்கு நான் எப்படிப் பேசினேன்னு!"

"நான் எப்படிச் சொல்றது? என் பகுதியை முடிச்சிட்டு நான் முன்னாடியே கிளம்பிட்டேனே."

கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த ஒலிப்பதிவாளரைப் பார்த்துக் கலைஞர் கத்தினார். "அந்தப் பதிவைப் போடுப்பா! என் உழைப்பு என்னன்னு எல்லாரும் கேக்கட்டும்!"

ஒலிப்பதிவாளர் தலையைச் சொறிந்துகொண்டு மைக்கில் சொன்னார்:

"போடலாம் சார்... ஆனா அந்தக் காட்சியில கமாண்டருக்கு வசனமே கிடையாது. அன்னைக்கு மேடம் வீட்டுக்குக் கிளம்பினப்போ, நீங்க கதவுகிட்ட நின்னு அவங்ககிட்ட சொன்னது அது. மைக் ஆன்ல இருந்துச்சு, கேக்கவும் நல்லா இருந்துச்சு... அப்படியே சேர்த்துட்டேன்."