மிளகு உலர்த்திக்கு வாய்த்த சந்தேகம் அண்ணன்

கடவுள் உலகத்தைப் படைத்த கையோடு சந்தேகம் அண்ணனிடம் சோதிக்கக் கொடுத்திருந்தால், நாமெல்லாம் இன்னும் பிறந்தே இருக்க மாட்டோம்.

இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் கொல்லிமலைச் செம்மேட்டில் ஓர் ஒற்றை அறை ஆபீஸ். மிளகு உலர்த்தும் எந்திரத்துக்கு சாஃப்ட்வேர் எழுதுவது நான், அதில் குற்றம் கண்டுபிடிப்பது அவர். அவருடைய நிஜப் பெயர் சம்பளம் கொடுத்த முதலாளிக்கே மறந்துபோயிருந்தது. டீக்கடையில் டீயை முகர்ந்து, ஆற்றி, என்னைக் குடிக்கவிட்டுப் பார்த்த பிறகுதான் தான் குடிப்பார்.

நான் எழுதிய புரோகிராமை வரிவரியாக வாய்விட்டுப் படிப்பார். சூட்டை உச்சத்துக்கு ஏற்றுவார், அடியோடு இறக்குவார். கண்ணை மூடிக்கொண்டு பட்டன்களைக் கண்டபடி அமுக்குவார். திடீரென்று பிளக்கைப் பிடுங்குவார்.

"எல்லாத்துலயும் பாஸுங்ணா, குடுத்துரலாமே?"

"தனித்தனியாப் பாஸு. சேர்த்து வெச்சுப் பார்த்தமா கண்ணு?"

அந்த வருஷம் மிளகு பறித்த நேரத்தில் பருவம் தப்பி மழை. அதே மலையில் வளப்பூர் நாட்டுப் பாப்பாயி அக்கா, பாறையில் காயவைக்க வழியில்லாமல், மொத்த மிளகையும் எங்கள் எந்திரத்தில் போடச் சம்மதித்திருந்தார். கருகினால் அவருடைய வருஷத்துப் பிழைப்பே போச்சு.

அண்ணன் அக்காவிடமே ஒரு தட்டு மிளகைப் போட்டு ஓட்டச் சொன்னார். பாதியில் பிளக்கைப் பிடுங்கினார். பாறையில் கிளறிவிட்ட பழக்கத்தில் அக்கா கதவைத் திறந்து மிளகைக் கையால் கிளறினார். அந்த நேரம் பார்த்து அண்ணன் பிளக்கைச் சொருகினார். அக்கா கதவைச் சாத்தியதும், அதுவரை காய்ந்த கணக்கை மறந்த என் புரோகிராம் முதலிலிருந்து சுடத் தொடங்கியது. மிளகு கரியாகிவிட்டது.

"அய்யோ சாமி, நாந்தான் கெடுத்துப்போட்டனுங்களா?"

"இல்லீங்க்கா, நீங்கதான் காப்பாத்துனீங்க!" என்று அண்ணன் குதித்தார்.

நான் திருத்திக் கொடுத்ததும், பழையபடி முதல் வரியிலிருந்து வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தார். மிளகில் பூஞ்சணம் பிடிக்கப்போகிறது என்று முதலாளி கத்தினார். அண்ணன் காதில் போட்டுக்கொள்ளாமல் எல்லாச் சோதனையையும் முடித்துவிட்டுத்தான் எழுந்தார்.

அக்காவின் மிளகு முழுக்க உள்ளே போன அன்று, பாதியில் நிஜமாகவே கரண்ட் போனது. அக்கா கதவைத் திறந்து கிளறினார். கரண்ட் வந்தது. கதவைச் சாத்தியதும் எந்திரம் விட்ட இடத்திலிருந்து நிதானமாக ஓடியது. மிளகு நன்றாகச் சுருங்கி, அறையெல்லாம் மணக்க வெளியே வந்தது.

அண்ணனைக் காணோம். வெளியே மழையில் நனைந்தபடி, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"கருகிருச்சா கண்ணு?"

"இல்லீங்ணா, அருமையாக் காஞ்சிருக்குங்க."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மழைத்தண்ணீர் மட்டுமில்லை என்பது எனக்குத் தெரிந்தது.

மலையிறங்கி எத்தனையோ பெரிய ஆபீஸ்களில் வேலை பார்த்துவிட்டேன். அண்ணன் பார்க்காத வேலையை யாருக்குக் கொடுத்தாலும், அன்றைக்கு எனக்குத் தூக்கம் வருவதில்லை.