ஜமுக்காளத்துக்கு அடியில் ஒரு போர்

நாட்டின் மானத்துக்கு விலை இல்லை என்பது பொய். செம்பொழில் நாட்டில் அதன் விலை நாளொன்றுக்கு நாலாயிரம் பொன். மழை பெய்தால் கூடுதல், கப்பல் பாய்கள் நனைந்துவிடும்.

பன்னிரண்டு போர்க்கப்பல்களை அலைமேட்டு நாட்டின் கண்ணெதிரே நிறுத்திவைக்க ஆன செலவு அது. நடுக்கடலில் ஒரு பாறை யாருக்குச் சொந்தம் என்பது வழக்கு. அதில் குடியிருந்தவை கடற்காகங்கள். அவற்றை யாரும் கேட்கவில்லை. அலைமேடும் தன் பங்குக்கு ஒன்பது கப்பல்களைக் கொண்டுவந்து நிறுத்தியது. யாரும் சுடவில்லை. எவன் கப்பல் முதலில் திரும்புகிறதோ அவன் தோற்றவன் என்று இரண்டு அரசவைகளும் தனித்தனியே ஒரே தீர்மானத்தை நிறைவேற்றியிருந்தன.

பிறகு ஆணைகள் வந்தன. இடைப்பட்ட கடல் இனி ‘மானப் பரப்பு’. அதில் வலை வீசக் கூடாது. படைவீரர் பசிக்கு வீட்டுக்கு ஒரு மரக்கால் அரிசி. கரையிலிருந்து கப்பலைப் பார்ப்பவர்கள் நெஞ்சை நிமிர்த்திப் பார்க்க வேண்டும். கூன் விழுந்தவர்களுக்கு அபராதம்.

செம்பொழிலின் கடைசித் துறையில் இருந்தார் தரகர் மாசாணம். மாடோ படகோ, துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசி முடிப்பவர். மூன்றாவது ஆளின் கண்ணுக்கு விலை தெரியாது. ஆகவே விற்றவனும் வாங்கியவனும் தனக்கே லாபம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்ளலாம்.

அந்த வாரம் சாளை மீன் கூட்டம் வந்தது. உலை கொதிப்பதுபோல் கடல் துள்ளியது. நாலைந்து நாளில் கூட்டம் கடந்துவிடும். விட்டால் அடுத்த வருஷம்வரை கரையில் கஞ்சி இல்லை.

“ஊரு மாட்டுக்கெல்லாம் பேசி முடிக்கீரே, ரெண்டு ராசாவுக்குப் பேச நாக்கு எழலியா?” என்றாள் மனைவி பேச்சி.

“மாட்டுக்குப் பல்லைப் பிடிச்சுப் பாக்கலாம். இவனுவளுக்கு எதைப் பிடிச்சுப் பாக்க?”

“கையப் பிடியும்!”

மாசாணம் ஜமுக்காளத்தைச் சுருட்டிக்கொண்டு படகேறி, இரு பக்கக் கப்பல்களுக்கும் போய் அழைத்தார். மறுநாள் நடுக்கடலில், அவர் படகில், இரு படைத்தலைவர்களும் எதிரெதிரே அமர்ந்தார்கள்.

“இது பேச்சுவார்த்தை அல்ல. கடுமையான எச்சரிக்கை” என்றார் செம்பொழிலின் அதிரூபராயர்.

“நாமும் பேச வரவில்லை. வன்மையாகக் கண்டிக்க வந்திருக்கிறோம்” என்றார் அலைமேட்டின் மகிழ்மாறர்.

“பேசவே வேண்டாம் சாமி, வாயத் திறந்தா மானம் போயிரும்” என்றார் நடுவில் உட்கார்ந்த மாசாணம். “கைய மட்டும் உள்ள விடுங்க. எதிராளி விரல் மடங்குச்சுன்னா அவரு தோத்தாருன்னு அர்த்தம். ஆனா ஜெயிச்சவரும் கூடவே கப்பலத் திருப்பணும். அதுதான் பெருந்தன்மை. வெளிய சொல்லப்பிடாது.”

மூவரையும் கழுத்துவரை ஜமுக்காளம் மூடியது. இரு கரைகளிலும் தொலைநோக்கிகள் அதன் கோடுகளை ஆராய்ந்தன.

அதிரூபராயர் உள்ளே துழாவினார். காய்த்துப்போன ஒரு கை அகப்பட்டது. எதிரி கயிறு இழுத்துப் பழகிய அசல் கடலோடிதான் என்று வியந்தபடி இறுக்கினார். அந்தக் கை கொஞ்சம் முரண்டுபிடித்தது. பிறகு விரல் விரலாக மடங்கியது. மகிழ்மாறரின் பிடியிலும் அதேபோல் காய்த்த கை ஒன்று, அதே நேரத்தில், விரல் விரலாக மடங்கியது.

மாசாணத்தின் இரண்டு கைகளும் ஜமுக்காளத்துக்கு உள்ளேதான் இருந்தன.

‘பாவம், தோற்றவன்’ என்று இருவரும் ஒருவரை ஒருவர் இரக்கத்தோடு பார்த்துக்கொண்டார்கள். உச்சிவேளையில் இருபத்தொரு கப்பல்களும் முரசு அதிரப் பெருந்தன்மையோடு திரும்பின. கடைசிக் கப்பல் மறையுமுன் எண்பது படகுகள் மானப் பரப்பில் பாய்ந்தன. விளிம்புவரை அமிழ்ந்து, சாளையோடு கரைசேர்ந்தன.

“கையப் பிடியும்னு சொன்னது யாரு?” என்று பேச்சி இடுப்பில் கைவைத்துக் கூவினாள். கரையே குலவையிட்டது.

இரு தலைநகரங்களிலும் வெற்றி விழா நடந்தது. வெற்றி வரியும் விதிக்கப்பட்டது. தரகு கேட்டுப்போன மாசாணத்துக்கு இரு நாட்டு அமைச்சர்களும் ஒரே பதிலைத் தந்தார்கள்: “பேச்சுவார்த்தையே நடக்கவில்லை. பிறகு ஏதய்யா தரகு?”

வீடு திரும்பியவரிடம், “என்ன தேறிச்சு?” என்றாள் பேச்சி.

“ஜெயிச்ச ராசா ரெண்டு. தோத்த ராசா இல்ல. சாளை எம்பது படகு. தரகு, ரெண்டு பக்கமும் பாக்கி.”