மாமா நிமிர்த்திய எஞ்சின் தண்டு

குருநகர்.

மதிப்புக்குரிய மருமகன் எமில்ராஜுக்கு, மாமா நீக்கிலாப்பிள்ளை எழுதிக்கொள்வது. மாதாவின் காவலில் இங்கு யாவரும் சுகம். முல்லைத்தீவு மீன்வாடியில் நீரும் சுகமாயிருக்க மன்றாடுகிறோம். தொலைபேசியில் சொல்லத் தொடங்கினால் உம்முடைய மனைவி பறித்து முழுவதையும் மாற்றிச் சொல்லுவாள் என்பதால் கடிதம் எழுதுகிறேன்.

கடலுக்கடியில் கற்பாரில் இடித்து வளைந்த உமது படகு எஞ்சினின் தண்டை, கடைக்குக் கொடுக்க வேண்டாம், நானே நிமிர்த்துகிறேன் என்று வாங்கினேன் அல்லவா? குசினியோடு ஒட்டிய சாய்ப்புப் பத்திதான் என் பட்டறை. அங்கே தண்டை இரண்டு கல்லின்மேல் கிடத்தி, அதன் நடுவில் கார் ஜக்கை நிறுத்தி, ஜக்கின் தலையைக் கூரை வளையில் முட்டக்கொடுத்து உயர்த்தினேன். தண்டு அசையவில்லை, கூரை எழும்பியது. உள்ளே கணவாய்க்கறி வைத்துக்கொண்டிருந்த மாமி, "இஞ்சருங்கோ, அடுப்புக்கு மேலை வானம் தெரியுது" என்றார். "கொஞ்சம் பொறுமப்பா, இப்ப நிமிர்ந்திடும்" என்றேன். மூன்று ஓடுகள் கறிச்சட்டிக்குள் விழுந்தன.

பிறகு தண்டை கேற்றுக் கம்பிகளுக்கிடையில் செருகி, நானும் பக்கத்து வீட்டுச் சுபாஸும் அதில் தொங்கினோம். ஏதோ வளைகிற சத்தம் கேட்டது. வளைந்தது கேற். அதைத் திறக்க முடியவில்லை, ஞாயிறு பூசைக்கு நேரமாகிவிட்டது, மாமி வெள்ளைச் சீலையோடு மதிலேறிக் குதிக்க, கோயிலுக்குப் போன சனமெல்லாம் நின்று பார்த்தது. மாமிக்கு இரண்டு நாள் என்னோடு கதைபேச்சில்லை.

அந்த அமைதியில்தான் வேலை நடந்தது. தண்டில் சோக்கட்டியை ஒட்டிப்பிடித்துச் சுழற்றி, சோக் பட்டு மேடு கண்ட இடத்தில் மரச்சுத்தியலால் மெல்லத் தட்டி, திரும்பவும் சுழற்றி, கடைசியில் சோக் சுற்றிவர ஒரேமாதிரித் தொட்டது. மாமி ஒரு கண்ணை மூடிப் பார்த்து, "ஓம், நேராத்தான் கிடக்கு. ஆனா உதை நம்பித்தானே பிள்ளை நடுக்கடலுக்குப் போகப்போறான்?" என்றார். "நான் நிமிர்த்தினது, பயப்பிடாதையும்" என்றேன்.

ஆகவே நீர் தைரியமாகப் பூட்டலாம். மீன் லொறி ஓடுகிற ஜஸ்ரினிடம் கொடுத்தனுப்புகிறேன். உமக்கும் உம்மோடு தொழில் செய்கிற எல்லோருக்கும் வலை நிறையட்டும், கடல் அடங்கியிருக்கட்டும்.

இப்படிக்கு,
உமது மாமா,
நீக்கிலாப்பிள்ளை

பி.கு: கடிதத்தை ஒட்டமுதல், மனம் கேளாமல், சுபாஸின் படகு எஞ்சினில் அந்தத் தண்டைப் பூட்டி நானே கடலில் இறங்கினேன். இடுப்பளவுத் தண்ணீர் தாண்டமுதல் அது இரண்டாக முறிந்துபோனது. படகைத் தள்ளிக்கொண்டு நடந்து கரைக்கு வந்தேன். பார்சலில் இருப்பது கடைத் தண்டு, புதியது. அதையே பூட்டும். வாடியில் ஆராவது கேட்டால் மட்டும், மாமா நிமிர்த்தினது என்று சொல்லிவிடும்.